மண்சுவருக்கு ஒரு பகல் வெயில்

ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே, ஜனவரி மதியம். ஒரு வார மூடுபனிக்குப் பிறகு இன்றுதான் வெயில். யாழ்ப்பாணத்துத் தம்பதி கட்டிய வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தெற்கே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. எதிரே ஒரு முழத் தடிமனில் மண்கல் சுவர். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வீட்டுக்குச் சூடு தருவது அதுதான். இன்று மாலை அவர்களுடைய மகள், பிறந்து நான்கு நாளான குழந்தையுடன் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அதற்குள் சுவர் சூடேற வேண்டும்.

வெயில் என் கண்ணில் அடிக்கிறது. வீட்டுக்காரி ஜெயா அக்கா ஓடிவந்து திரைச்சீலையைப் பிடிக்கிறார்.

"இஞ்சேரும், தொடாதையும்!" சமையலறையிலிருந்து கணவர் கத்துகிறார்.

"வந்த ஆளை வெயிலிலை இருத்தி வைக்கேலுமே?"

கணவர் ஈரக் கையோடு வந்து என்னிடம் முறையிடுகிறார். "போன குளிர் முழுக்க மத்தியானத்திலை சீலையை மூடிப்போட்டு, வீடு குளிருதெண்டு கட்டித் தந்த ஜெர்மன்காரனோடை சண்டை பிடிச்சனாங்கள், அண்ணை. அவன் ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு வந்தான். சீலையைத் திறந்துவிட்டிட்டுப் போயிட்டான்."

"ஊரிலை வெயிலெண்டா மூடுறதுதானே," என்று அக்கா சிரிக்கிறார்.

என் நிழல் சுவரில் விழுந்திருப்பதை அப்போதுதான் கவனிக்கிறேன். நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொள்கிறேன்.

ஐந்தரைக்கு வெளியே இருட்டு. குழந்தை வந்துவிட்டது. அக்கா புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார்.

"காணும், நல்லாச் சூடேறிட்டுது," என்று தொட்டிலை அதன் பக்கத்தில் தள்ளுகிறார்.

விடைபெறும்போது நானும் சுவரைத் தொடுகிறேன். என் நிழல் கிடந்த இடமும் சூடாகவே இருக்கிறது. சாப்பாட்டுக்கு நன்றி சொல்லுமுன், அந்தச் சூட்டுக்குத்தான் நன்றி சொல்கிறேன்.