கட்டலாம் என்றொரு விதி

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு ‘ஷரத்து’ என்று பெயர். நாற்பத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை. குழாய் உடைந்து வீடு நனைந்தவர் நஷ்டஈடு கேட்டு வந்தால், வெள்ளம் என்றுதான் எழுதியிருக்கிறது, குழாய் என்று இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்புகிற புண்ணியவான்.

ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். அக்கா போர்வீராங்கனை, அக்கா வீட்டுக்காரர் திருடன், மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா மந்திரவாதி. எதிரிகள் எல்லோருக்கும் குரல் கொடுப்பதும், விதிக்கு அர்த்தம் சொல்வதும் நடுவரான ஷரத்து.

ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து விதிகளைத் தமிழில் எழுதியவரும் அவரே. அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார். ‘மந்திரவாதி ஆட்டத்துக்கு ஒருமுறை எதையும் கட்டலாம்’ என்று எழுதும்போது அவர் நினைத்தது கயிற்றை. டாக்டர் முதல் வாரமே ஆற்றில் பாலம் கட்டினார். கயிறு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அடுத்த வாரம் நாய்களின் வாயைக் கட்டினார். பிறகு காவல்காரனைப் பற்றிக் கதை கட்டி அவன் வேலைக்கே உலை வைத்தார். எல்லாவற்றுக்கும் ‘செல்லும், செல்லும்’ என்று தலையாட்டிய மனிதர், அக்கா ஒரு சுவரைத் தாண்ட மூன்று காரணம் கேட்டார். அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மூன்று வாரக் கதையை எட்டு மாதம் இழுத்தார், பாவி. கதை முடிந்தால் டாக்டர் எதற்குப் படியிறங்கி வரப்போகிறார்? மனதில் இருப்பதைச் சொல்லவோ துப்பில்லை. இந்த வாரம் டாக்டரே சொல்லிவிட்டார், இன்றைக்கு முடித்துவிடலாம், அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக் திறக்கிறேன் என்று.

கடைசியில் ஷரத்தின் குரலில் குகை ராஜாவே எதிரில் வந்து நின்றான். கைகாலைக் கட்டினால் ஆட்டம் முடிந்தது என்று அவசரப்படுத்தினார் அக்கா வீட்டுக்காரர். டாக்டர் பகடையைக் கீழே வைத்தார்.

“கைகாலைக் கட்டலை. நான் ராஜாவையே கட்டிக்கறேன். செல்லுமா சார்?”

இருபது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. “செல்லாது. கட்டறது வேற, கட்டிக்கிறது வேற. விதியில அதுக்கு இடமில்லை.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் பகடைகளைப் பையில் போட ஆரம்பித்தார். அப்போதுதான் ஷரத்துக்கு உறைத்தது. விதி நோட்டை இழுத்து, ‘கட்டலாம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘கட்டிக்கொள்ளவும் செய்யலாம்’ என்று எழுதினார். அலுவலகத்தில் செய்வதுபோலத் தேதி போட்டு, சுருக்கொப்பமும் வைத்து, நோட்டை டாக்டர் பக்கம் தள்ளினார்.

டாக்டர் படித்துப் பார்த்தார். “இதுக்கு ராஜா சம்மதிக்கணுமே?”

“ராஜாவுக்கு எட்டு மாசமா சம்மதம்தான்” என்றார் ஷரத்து, மேஜையைப் பார்த்தபடி.

டாக்டர் பையிலிருந்து பகடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

“அப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?” என்று கேட்டார் அக்கா வீட்டுக்காரர். அக்கா அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.