எத்தன பார்சல்?

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் இருந்தது. முதலாளிக்கு வயதாகிவிட்டதால் மூடிவிட்டார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் மகன் வண்டியை மெதுவாக்கி, "அம்மா, உன் ஓட்டலு" என்று கிண்டல் செய்வான். செய்யட்டும். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு புத்தி வந்தது என்றால், அது அங்கேதான் வந்தது.

அந்த வருசம் என் வீட்டுக்காரர் வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அவர் கட்டிலில் கிடந்தார், தோட்டத்தில் தக்காளி பழுத்துக் கிடந்தது. இரண்டு நாள் விட்டால் மாட்டுக்குத்தான் கொட்ட வேண்டும். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானே மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஏலம் முடிய ஒன்பதரை ஆகும். பஸ் பிடித்து வீடு வந்து சேரப் பதினொன்று. அதுவரை வயிற்றில் ஒரு டம்ளர் டீதான்.

அதில் கஷ்டம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் களி கிண்டி உருட்டி வைத்ததும், "ஆறிப் போயிடும், சாப்புடுங்க" என்று எல்லாரையும் விரட்டுவேன். ராகிக் களியைச் சூட்டோடு விழுங்கினால்தான் ருசி. எல்லாரும் கைகழுவின பிறகு நான் உட்காரும்போது அது இறுகிப் போயிருக்கும். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. என்னைக் கடைசியில் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. முதலில் சாப்பிடு என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் பஸ் படியில் கால் வைத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. பூக்காரம்மா ஒருவர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும்.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

"டீ குடிச்சேனுங்க."

"அது சாப்பாடா? ஒடம்புல ரத்தமே இல்லம்மா. மாத்திர தரேன். ஆனா மார்க்கெட் முடிஞ்சதும் சாப்ட்டுட்டுதான் பஸ் ஏறணும். இன்னொரு தடவ ரோட்ல விழுந்தா உங்க வீட்டுக்காரரையும் பிள்ளைங்களையும் யாரு பாத்துக்குவா?"

அவர்களைச் சொன்னதால்தான் பயந்தேன். என்னை மட்டும் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

அடுத்த மார்க்கெட் நாளில் அந்த ஓட்டல் வாசலுக்குப் போனேன். உள்ளே எல்லா மேசையிலும் ஆண்கள். வியாபாரிகள், டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எத்தன பார்சலுக்கா?" என்றார்.

"ரெண்டு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இரண்டு ரோஸ்டை வாழை இலையில் வைத்து நியூஸ் பேப்பரில் மடித்து நூல் சுற்றிக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு, பசியோடு பஸ்ஸில் உட்கார்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் களியே போதும் என்றுவிடுவார். அடுத்த முறையும் இதே கதைதான். அதற்கடுத்த முறையும். ஒரு மாதம் நான் அந்த ஓட்டலின் நல்ல வாடிக்கைக்காரியாக இருந்தேன், உள்ளே காலெடுத்து வைக்காமலே.

மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மா, "ஓட்டல்ல சாப்புடறீங்களா?" என்று கேட்டார்.

"வாங்கறேனுங்க."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "வாங்கறீங்க. சாப்புடறீங்களா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு பேருக்கு நடுவில் ஏலக்காரரிடம் சத்தம் போட்டு விலை பேசுகிறவள் நான். ஒரு தோசையை உட்கார்ந்து சாப்பிடத் தைரியம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து நடந்து வரும்போது, "உக்காந்து சாப்புடறேன், உக்காந்து சாப்புடறேன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். கல்லாக்காரர் வாயைத் திறப்பதற்குள், "நான் உக்காந்து சாப்புடறேனுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூட யாராச்சும் வராங்களாக்கா?"

"யாரும் இல்ல. நான்தான்."

பேமிலி ரூம் என்று ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். நாலு பேர் மேசை, நான் ஒருத்தி. தட்டில் ரோஸ்ட் வந்தது. ஓரத்தைப் பிய்த்தேன். நொறுக்கென்று சத்தம் கேட்டது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். அதுவரை ஓட்டல் ரோஸ்ட் மொறுமொறுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபது வருசமாக, ஒவ்வொரு மார்க்கெட் நாளும் வீட்டுக்காரர் ரோஸ்ட் வாங்கி வருவார். முக்கால் மணி நேரப் பஸ்ஸில் இலைக்குள் வியர்த்து, மடங்கி, சட்னியில் ஊறி வந்து சேரும். ரோஸ்ட் என்றால் அதுதான் என்று இருந்தேன். டிவி விளம்பரத்தில் விறைப்பாக நிற்கும் தோசையைப் பார்த்தபோதுகூட, படத்துக்காக ஏதோ செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வீட்டில் சுடும் தோசையோ மெத்தை மாதிரி இருக்கும்.

ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். பிள்ளைகள் நினைப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது, அதுவும் சாதாரணக் கோபம் இல்லை. அன்றைக்குப் பார்சல் வாங்காமலே பஸ் ஏறினேன்.

கட்டிலில் இருந்தவர் என் கையைப் பார்த்தார். "பார்சல் வாங்கலயா?"

"ரோஸ்டு மொறுமொறுன்னு இருக்கும்னு ஏங்க எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வூட்டுக்குக் கொண்டாறதுக்குள்ள நமத்துப் போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

"என்னக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் சமாதானம் பேசப் போகவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அவருக்கு ஒரு பார்சல் வாங்கிவந்தேன். இலையைப் பிரித்து ஒரு வாய் வைத்தவர் மெல்லுவதை மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் நமத்த ரோஸ்ட் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் எப்போதும் அங்கேயே சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுத்தானே எங்களுக்கு வாங்கி வருவார்.

"இதயா நல்லாருக்கு நல்லாருக்குன்னு தின்னுட்டிருந்த?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். பொய் இல்லை, அப்போது நன்றாகத்தான் இருந்தது.

அவர் கால் தேற நாலு மாதம் ஆனது. அதற்குள் போர்டில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். பொடி ரோஸ்ட், ரவா, பூரி. பேமிலி ரூமை விட்டு வெளியே வந்து, ஜன்னல் பக்கத்து மேசையில் உட்காரப் பழகினேன். கண் மங்கலாக இருப்பதை மூன்று வருசமாகத் தள்ளிப் போட்டிருந்தேன், ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டுப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். பிறகு எனக்கு மயக்கம் வரவே இல்லை.

கால் சரியாகி அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய முதல் நாள், "இனி நீ வூட்ல இரு, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

ஏலம் முடிந்து இருவரும் ஓட்டலுக்குப் போனோம். கல்லாக்காரர் என்னைப் பார்த்து, "வாங்கக்கா" என்றார். வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கூட வந்தவரா?" என்றார். இருபது வருசம் அங்கே சாப்பிட்டவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இரண்டு ரோஸ்ட் சொன்னோம். ஒன்றுதான் முதலில் வந்தது. பழக்கதோசம், என் கை தானாகத் தட்டை அவர் பக்கம் தள்ளியது. அவர் தட்டைப் பிடித்து என் பக்கமே திருப்பினார்.

"ஆறிப் போயிடும். சாப்புடு."

அந்த வார்த்தையை என் வாயால் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ. காதால் கேட்டது அன்றைக்குத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டிருந்தால் ரோஸ்ட் நமத்துவிடும் என்று சாப்பிட ஆரம்பித்தேன். நான் முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு சொல்லட்டா?" என்றார்.

"சொல்லுங்க. ஊத்தப்பம். அது மட்டுந்தான் நான் இன்னும் சாப்புடல."