மூன்று டிக்கெட்டும் ஒரு கத்தியும்

இடி என்றால் அந்த இறைச்சி ஆலையில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அங்கே யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, தன் சாப்பாட்டு டப்பாவைத் தவறுதலாகத் திறந்துவிட்ட ஒருவனின் முதுகில் ஒன்று வைத்தான். அடி வாங்கியவன் குளிரறையின் இரும்புக் கதவில் போய் மோதினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு, மாடியிலிருந்த கணக்கர் ஜன்னலைத் திறந்து மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் இடி.

ஆள் ஒன்றும் பூதம் இல்லை. நடுத்தர உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியில் குடியிருந்தது. அப்பனிடம் பெல்ட்டால் அடி வாங்கியே வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் ஒருவன் பல்லை உடைத்தான். தன் கல்யாணத்திலேயே, படம் எடுக்க வந்தவனை மேடையில் வைத்து அறைந்தான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. கேட்டால் விலாவாரியாகச் சொல்வான். "நீ செஞ்சது சரிதான்" என்று சொல்கிறவரை கேட்கிறவனை விடமாட்டான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவனுக்குத் தெரியாதா என்ன!

இரண்டு விஷயங்களில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. மனைவி மீதும் மகள் மீதும் ஒரு நாளும் கை வைத்ததில்லை என்பது ஒன்று. வெட்டுமேடையில் எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அடிப்பான் என்பது மற்றொன்று. "கத்தியோட எவனையும் தொட்டதில்ல. நான் என்ன ரவுடியா?" என்று கேட்பான். அடி வாங்கியவர்கள் அதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

போன வருடம் மகளையும் மனைவியையும் பஸ்ஸில் மலைப்பக்கம் கூட்டிப்போனான். பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில், இடம் மாறி உட்காரச் சொன்ன கண்டக்டரைப் படியிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தான். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். மலைக்குப் போய்ச் சேரவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு மகள் அவனோடு கடைக்குக்கூட வருவதில்லை. கேட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள். அது அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு நல்ல பயணம் போய்வந்தால் போதும், பிள்ளை பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினான். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு லீவு வேண்டுமே. ஆலையில் ஒவ்வொருவன் கத்தியும் அவனவன் கைக்குத் தீட்டியது. பிடியில் அவனவன் சுற்றிய துணி இருக்கும். லீவு கேட்கிறவன் தன் கத்தியை இன்னொரு வெட்டுக்காரனிடம் கொடுக்க வேண்டும். அவன் அதை வாங்கிக்கொண்டால், "உன் வேலையையும் சேர்த்து நான் பார்க்கிறேன்" என்று அர்த்தம். வாங்கியவன் அந்தக் கத்தியைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் காட்டினால்தான் லீவு. காட்டுகிறவரை எதுவும் உறுதியில்லை. இடியின் கத்தியை வாங்க ஆலையில் எவன் இருந்தான்? பக்கத்து மேடையில் நின்ற மச்சான் ஒருவன்தான். மனைவியின் தம்பி, வாயில்லாப் பூச்சி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் இடிதான்.

கேன்டீனில் மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கத்தியை நீட்டினான். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"சரி மாமா, நான் பாத்துக்கறேன். சூப்பர்வைசர் வெளிய போயிருக்காரு. நாளைக்குக் காட்டிடறேன்."

இடிக்கு அது போதும். அங்கேயே செல்போனை எடுத்து, கடல் சூழ்ந்த ஒரு தீவுக்கு மூன்று விமான டிக்கெட் போட்டான். ரத்து செய்தால் ஒரு பைசாவும் திரும்பாத டிக்கெட். வேறு யாராக இருந்தாலும் ஒரு நாள் பொறுத்திருப்பார்கள். பொறுப்பதற்கு அவன் என்ன வேறு யாராவதா?

சாயங்காலம் வீட்டில் செல்போனைத் தூக்கிக் காட்டினான். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"லீவு குடுத்துட்டாங்களா?"

"கத்தியைக் குடுத்தாச்சு."

"நான் அதைக் கேக்கல. லீவு கிடைச்சிருச்சா?"

"கிடைச்ச மாதிரிதான்டி. உன் தம்பிதானே வாங்கியிருக்கான்!"

மகள் செல்போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஜன்னல் பக்கம் எனக்கு. இந்த ஓரம் அம்மாவுக்கு. நடுவுல யாருப்பா?"

"நான்தான்டா கண்ணு. நடுவுல நான் இருந்தா எவன் உங்ககிட்ட வாலாட்டுவான்?"

மகள் "ம்" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "மாமா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று அடுத்த தெருவுக்கு ஓடினாள். பெருமையடித்துக்கொள்ளப் போகிறாள் என்று இடி நினைத்தான். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் காலை, ஆலையில் சங்கிலி ஓடத் தொடங்கியிருந்தது. தோலுரித்த உடல்கள் கொக்கிகளில் தொங்கியபடி ஒவ்வொன்றாக வந்தன. இடி வலது கையில் பொதுக் கத்தி ஒன்றைப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தான். இடது கையில் எஃகு வளையங்களால் பின்னிய உறை. வெட்டுகிறவன் தன் விரலைத் தானே அறுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக மாட்டுவது அது. நாள் முழுக்க மாட்டியிருப்பதால், கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே மறந்துபோகும்.

மச்சான் வந்து, துணி சுற்றிய கத்தியை அவன் மேடைமேல் வைத்தான்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. என்னால முடியாது."

"காட்டலியா நீ?"

"இல்ல மாமா."

"டிக்கெட் போட்டாச்சுடா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா?"

மச்சான் தரையைப் பார்த்தான். "காரணம் கேக்காதீங்க. கை காலை வேணா உடைங்க, சொல்லமாட்டேன்."

மகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்கிற காட்சியை இடி முந்தின நாளிலிருந்து நூறு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். அதை ஒருவன் சாவகாசமாக வந்து மேடைமேல் வைத்துவிட்டுப் போவதா? கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்; அப்போதும் அதை மறக்கவில்லை. வலது கையால் மச்சானின் சட்டையை இறுக்கிப் பிடித்து, இடது கையால் ஓங்கி அடித்தான்.

எலும்பு முறிந்த சத்தம் சங்கிலி ஓட்டத்தையும் மீறிக் கேட்டது. இரண்டாவது அடியில் மச்சானின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூன்றாவது அடிக்குப் பல் இரண்டு தெறித்து வெள்ளைத் தரையில் ஓடின. பிடித்து இழுக்க வந்தவனை நெற்றியால் மூக்கில் முட்டினான். இன்னொருவனை வயிற்றில் உதைத்தான். விழுந்து கிடந்த மச்சானின் விலாவில் பூட்ஸால் மிதித்தான். "நன்றி கெட்ட நாயே!" என்று கத்தியது தன் குரல்தான் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நாலு பேர் சேர்ந்து சுவரோடு வைத்து அழுத்திய பிறகுதான் நின்றான். அப்போதுதான் தன் இடது கையைப் பார்த்தான். வளையங்களின் இடுக்கெல்லாம் மச்சானின் ரத்தமும் தோலும். மச்சானின் கன்னத்தில் அதே வளையங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"கத்தியைக் கீழ வெச்சுட்டுத்தான் அடிச்சேன்," என்றான் இடி.

சூப்பர்வைசர் போலீஸைக் கூப்பிடச் செல்போனை எடுத்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த மச்சான் கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினான். பேச முடியாதவன் ஆட்டிய அந்தக் கையைப் பார்க்க இடிக்குத் தெம்பில்லை. சூப்பர்வைசர் அவனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"லீவு கேட்டியாமே. போ, இனிமே வரவே வேணாம்."

மனைவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது. இடி எங்கெங்கோ திரிந்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் அங்கே ஓடிவிட்டிருந்தாள். கதவைத் திறந்தது மகள். பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பை இன்னும் தோளில் தொங்கியது. அப்பா சீக்கிரம் வந்ததும், தலை தொங்கியிருந்ததும் அவளுக்கு என்னத்தைச் சொன்னதோ, மெதுவாகக் கேட்டாள்.

"மாமா கத்தியைத் திருப்பிக் குடுத்துட்டாராப்பா?"

இடி வாசலிலேயே நின்றான். அவன் யாரிடமும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் மாமாகிட்டக் கேட்டேன். காட்ட வேணாம்னு சொன்னேன்." "நீங்க ப்ளேன்ல யாரையாவது அடிப்பீங்க. அங்க இறங்கக்கூட முடியாது. நான் சொன்னேன்னு சொல்லக் கூடாதுன்னு மாமாகிட்ட சத்தியம் வாங்கினேன். மாமா எங்கப்பா? வேலை விட்டு நேரா நம்ம வீட்டுக்கு வரேன்னாரே?"

தாடை உடைந்தது மச்சானுக்கு. பேச்சு போனது இவனுக்கு. பிள்ளை தலையைத் தடவி, ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கையைத் தூக்கினான்.

மகள் படாரென்று சுவரோரம் சுருண்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பை தலைக்குமேல் ஏறி நின்றது. ஒரு நாளும் அவளைத் தொட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நகக்கண்ணில் இன்னும் சிவப்பு போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நாலடி தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"நான் வரல கண்ணு," என்றான். "நீயும் அம்மாவும் மட்டும் போயிட்டு வாங்க."

முகத்தை மூடிய கை கொஞ்சமும் விலகவில்லை. ஆனால் அதற்குள்ளிருந்து வந்த குரலில், இத்தனை நாளாக அவன் ஏங்கிக்கொண்டிருந்த அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது.

"நிஜமாவாப்பா?"