பள்ளத்துப் பக்கம்

மலைநாட்டு ஹட்டனில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே உள்ள அறையில் நான் கப்பல் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கடை முதலாளிக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை. மாடிப்படியில் என்னைக் கண்டால், "கடலுக்குப் போக இங்கேருந்து அரை நாள் ஓணும் சேர், நீங்க ரூமுக்குள்ளேயே கப்பல் உடுறீங்க" என்பார். "ஒங்க கடைத் தகரம் நனையாம உடுறேன்ல முதலாளி, அப்புறமென்ன?" என்பேன் நான்.

பல வருஷம் கப்பலில் அதிகாரியாக இருந்து, முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் கரைக்கு வந்தவன் நான். எங்கள் காலத்தில் கடதாசி வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கப்பலை ஓட்டினோம். இப்போது எல்லாம் திரைதான். அந்த மின்வரைபடத்தைச் சரியாகக் கையாளத் தெரியும் என்று கொழும்பில் செய்து காட்டித் தேற வேண்டும். மலைநாட்டிலிருந்து கப்பலுக்குப் போகிறவர்கள் இப்போது கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். விடுமுறையில் வரும்போது என் கணினிகளில் கப்பல் ஓட்டிப் பழகிவிட்டுப் போவார்கள்.

அந்தத் திரையில் நம் கப்பல் ஒரு சின்னக் குறியாக நகரும். ஆழமான கடல் வெள்ளையாக இருக்கும். ஆழம் குறையக் குறைய நீலம் ஏறும். முதலில் பார்க்கிற எல்லோரும் அதைத் தலைகீழாகத்தான் நினைப்பார்கள். நம் கப்பல் தட்டாமல் மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைத்தால், அந்த எல்லையைத் தாண்டப் போகும்போது மணி அடிக்கும். மனிதர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மணியை நிறுத்துவார்கள், கப்பலை நிறுத்தமாட்டார்கள். இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒருவர் எதை நம்புகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பது அந்த அறையில் தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

போன வருஷம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, கப்பலில் மூன்றாம் அதிகாரியானவள். வேறொரு கம்பெனியில் இரண்டாம் அதிகாரி வேலை அவளுக்குக் காத்திருந்தது. ஆனால் அந்தக் கம்பெனி அவளுடைய பழைய சான்றிதழ் போதாதென்று கொழும்பில் தானே ஒரு சோதனை வைத்தது. அதில் அவள் ஒருமுறை தவறியிருந்தாள். இன்னொரு முறைதான் விடுவார்கள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல கல்யாணத்தப் பேசி முடிச்சிருவாங்க சேர். அப்புறம் கடலப் படத்துலதான் பாக்கணும்" என்றாள்.

நான் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். ஏனென்றால் அவள் கெட்டிக்காரி. பாதை போடச் சொன்னால் மளமளவென்று போட்டுவிடுவாள். ஜிபிஎஸ் காட்டும் இடத்தை நான் திருட்டுத்தனமாக மாற்றிவைத்தால்கூட, ரேடாரோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சேர், வெளயாடாதீங்க" என்பாள். ஒரே ஒரு பயிற்சியில்தான் அடிவாங்கினாள். இடது பக்கம் கரை, வலது பக்கம் ஆழ்கடல். திடீரென்று மூடுபனி. தானியங்கியை விட்டுவிட்டுக் கையால் சுக்கான் பிடிக்க வேண்டும். பனி வந்ததும் அவளுடைய கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் சாயும். மணி அடிக்கும். மணியை நிறுத்துவாள். கப்பல் தரைதட்டும். கொழும்பில் தவறியதும் இதே இடத்தில்தான்.

"ஏன் இடது பக்கம் திருப்பின?"

"திருப்பலயே சேர்."

பதிவை ஓட்டிக் காட்டினேன். திருப்பியிருந்தாள். அவளே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இராது. கண்ணைப் பரிசோதித்துப் பார் என்றேன். தூக்கமில்லையா என்றேன். மூடுபனிக்குப் பயந்தால் இந்த மலையில் எப்படிக் குடியிருக்கிறாய் என்றும் கேட்டேன். அவள் அழவில்லை. முறைத்தாள். திரும்பவும் ஓட்டினாள், திரும்பவும் தட்டியது. வீட்டுக்குப் போனபின்னும் எனக்கு இது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மற்ற தவறுகளுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும், இதற்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

சோதனைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு பிற்பகல் எங்கள் பக்கத்து பஸ் வரவில்லை. என் வீடும் நோட்டன் பாதையில்தான். அவள் அண்ணனுடைய காரைத் தானே ஓட்டி வந்திருந்தாள், ஏறிக்கொள்ளச் சொன்னாள். ஊரைத் தாண்டியதும் பனி இறங்கியது. எங்கள் பாதையில் அது புதினமில்லை. இடது பக்கம் தேயிலைச் சரிவு கீழே போய்ப் பனிக்குள் மறைந்திருந்தது. வலது பக்கம் மண்மேடு.

கார் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து மேட்டோடு உரசுகிற மாதிரி, முழுக்க எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டது. வளைவில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து எங்கள் மூக்குக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் எங்கள் பரம்பரையையே விசாரித்தார். அவள் பின்னால் எடுத்து, இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள்.

"என்ன செய்ற நீ? ஒன் பக்கத்துல போக வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

"அந்தப் பக்கம் பள்ளம் சேர்" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னாள், வெளியே மழை பெய்கிறது என்பதுபோல. அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கக் கதவை விட்டு விலகி, கியர் கம்பி இடிக்குமளவுக்கு அவள் பக்கமாக நானும் ஒண்டிக்கொண்டிருந்தேன்.

மலையில் பிறந்த எங்களுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுத்தது இது. பனியில் கண் தெரியாவிட்டால் மேட்டைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடம் போனாலும், கொழுந்துக் கூடையோடு போனாலும் அப்படித்தான். மேட்டில் மோதினால் முழங்கை தேயும். பள்ளத்தில் போனால் ஆள் இல்லை. கடலில் கதையே வேறு. அங்கே கரைதான் கொல்லும், ஆழம் காப்பாற்றும். அவள் மூளைக்கு அது நன்றாகத் தெரியும். கைக்குத் தெரியாது. கண் தெரியாமல் போனவுடன் அவள் கை நோட்டன் பாதைக்குப் போய்விடுகிறது.

காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி இதை விளக்கினேன். எனக்கு இருந்த சந்தோஷத்தில் புதையல் எடுத்தவன் மாதிரிப் பேசியிருப்பேன். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப இது பாடத்துல வுட்ட தப்பு இல்ல. என்னையவே மாத்தணும்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. காரணம் கண்டுபிடித்ததில் எனக்குத்தான் சந்தோஷம், அவளுக்கு அது இன்னும் பெரிய பாரம்.

அடுத்த நாளும் கப்பல் தரைதட்டியது. அதற்கடுத்த நாளும். "தெரிஞ்சு என்னத்துக்கு சேர், கை கேக்க மாட்டேங்குதே" என்று மேசையில் குத்தினாள். நான் யோசனை சொல்லப் போனேன். வாயை மூடச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். பனி வந்ததும் சுக்கானைத் தொடுமுன், "பள்ளம் நல்லது" என்று சத்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொன்னாள். கீழேயிருந்து கடை முதலாளி ஏறிவந்து, என்ன மந்திரம் இது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் கப்பல் முதல்முறையாகத் தட்டாமல் போனது.

கொழும்பில் தேறிவிட்டாள். செய்தி வந்தபோது நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் அல்ல.

கப்பலில் சேரப் புறப்பட்ட காலையில் வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளுடைய அம்மா வந்திருந்தார், அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

"நீங்கதானா அந்த சேரு? புள்ளயப் பள்ளத்துக்குப் போகச் சொல்லிக் குடுத்தீங்களாமே?"

"கடல்ல மட்டுந்தாங்க" என்றேன்.

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா தொடப்பக்கட்டதான்" என்றார். சிரிக்கவில்லை. மகள்தான் சிரித்தாள்.

ரயில் அசைந்தது. அம்மா கூடவே நடந்தபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பனியா இருந்தா மேட்டுப் பக்கமா…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். வாய் அடுத்த சொல்லைத் தேடியது. ரயில் வேகம் எடுத்துவிட்டது, கையை விட வேண்டியதாயிற்று.

"பள்ளத்துப் பக்கமாவே போ பாப்பா" என்று கத்திச் சொல்லிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.