உகந்தைக்கு மூன்று மைல் இருக்கையில் புதைந்த ஜீப்

கிழக்கிலங்கையின் பாணமையிலிருந்து காட்டு வழியாக உகந்தைக்குப் பழைய ஜீப்பில் போகலாமா என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். போகலாம். 1981 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் போனேன். போய்ச் சேரவில்லை. அந்தக் கதையையே எழுதுகிறேன். பாதையைப் பற்றித் தெரிய வேண்டியதும் அதற்குள் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கல்முனைக்குடியில் வீடு, நீர்ப்பாசன அலுவலகத்தில் படம் வரையும் வேலை. மனைவி சுபைதா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். கலியாணம் முடித்து இரண்டு வருடம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தெருவுக்கு ஒருவர் சவூதிக்கோ குவைத்துக்கோ புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். பதில் வரும்வரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், ஒரு நெல் ஆலையின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த ஜீப்பை வாங்கினேன்.

அதன் பிறகு சனியும் ஞாயிறும் அதற்குத்தான். பாண்டிருப்பிலிருந்து மெக்கானிக் செல்வம் காலையிலேயே சைக்கிளில் வந்துவிடுவார். முதலில் பிரேக், பிறகு ரேடியேட்டர், பிறகு கூரைக்குப் புதுக் கன்வஸ். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் நிற்காதிருக்கக் காற்றுக் குழாயைக் கண்ணாடி உயரத்துக்கு ஏற்றினோம். ஒன்று முடிந்ததும் அடுத்தது எது என்று மனம் தேடும். சுபைதாவுக்கும் அதில் வேலை இருந்தது. பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்கும்போது ஒருவர் உள்ளே இருந்து மிதியை அழுத்தி அழுத்தி விட வேண்டும். கிளச்சைச் சரிபார்க்கும்போதும் அப்படித்தான். அவள் சாரதி இருக்கையில் உட்கார்ந்து மடியில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே, நாங்கள் கீழிருந்து சொல்லும்போது மிதிப்பாள்.

கடைசியாக வண்டியின் உயரத்தைக் கூட்ட நினைத்தேன். செல்வத்துக்கு அது பிடிக்கவில்லை.

"சேர், மூண்டு அங்குலம் உசத்தியாச்சு. இனியும் உசத்தினா வண்டி ஆடும். வண்டியத் தூக்கிற ஜெக்கும் எட்டாது."

"காட்டுப் பாதைக்கு உயரம் வேணும், செல்வம்."

"ஓம், வேணும். நீங்க எப்ப சேர் காட்டுக்குப் போறீங்க?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னேன். அந்த வாரமே ஜித்தாவிலிருந்து கடிதமும் வந்தது. ஆறு வாரத்தில் வேலையில் சேர வேண்டும். சுபைதாவிடம் சொல்ல வாய் வரவில்லை. உகந்தைக் கடற்கரையில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை ஒரு இடத்துக்குப் போவம்" என்று மட்டும் சொன்னேன்.

சுபஹ் தொழுதுவிட்டு 5.20க்குப் புறப்பட்டோம். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை தாண்டி 6.25க்கு அக்கரைப்பற்று. அங்கே பெற்றோல் நிரப்பினோம். இருபத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போனால் வண்டி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடியது. சுபைதா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் இப்பிடி ஆடுது?" என்று கேட்டாள். "புதுசு, பழகிரும்" என்றேன். கல்முனையிலிருந்து நாற்பத்துமூன்று மைல் தூரத்திலுள்ள பொத்துவிலுக்கு வரும்போது 8.45. அங்கிருந்து பாணமை பதினொரு மைல், ஒரு மணித்தியாலம். பாணமையில் கடைசித் தேநீர்க் கடை. கடைக்காரர் எங்கள் வண்டியின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாலு மணிக்குப் பிறகு பாதையோரக் குளத்துக்கு யானை வரும். அதுக்கு முன்னம் திரும்பிருங்க" என்றார்.

காட்டுப் பாதை பத்து மைல். ஏழாவது மைலில் காய்ந்த ஓடை ஒன்று குறுக்கிட்டது. மணல் மாவு போல இருந்தது. இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். நான் வேகமாக விட்டேன். நடுவில் நான்கு சக்கரமும் புதைந்தன. நேரம் 11.40.

ஜெக்கை வைத்தேன், எட்டவில்லை. கீழே பலகை போட்டு, அதன்மேல் ஒரு மரக்குற்றியை வைத்து, அதற்கு மேல் ஜெக்கை நிறுத்தி உயர்த்தினேன். சக்கரத்துக்குக் கீழே கிளைகளைத் திணிக்கக் கையை விட்டபோது குற்றி உருண்டு, கையை இழுக்கும்போதே வண்டி அதில் அடித்துக்கொண்டு இறங்கியது. வலது மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

சுபைதா ஸ்பானரை அணை கொடுத்துத் துவாயால் கையைக் கட்டினாள். யாராவது வருவார்கள் என்று ஒன்றரை மணிவரை மர நிழலில் இருந்தோம். ஒருவரும் வரவில்லை. அவள் எழுந்தாள்.

"நான் ஓட்டுறன்."

"உனக்கு ஓட்டத் தெரியாது, புள்ள."

"மூணு மிதியும் தெரியும். எத எவ்வளவு அழுத்தினா எங்க பிடிக்கும் எண்டு உங்களவிட எனக்குத் தெரியும். கியர மட்டும் சொல்லித் தாங்க."

கொண்டையூசியால் நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாள். சாப்பாட்டுக் கோப்பையால் மணலைத் தோண்டினாள், கிளைகளை ஒடித்துப் பரப்பினாள். இதற்கே மூன்று மணியாகிவிட்டது. பின் கியரில் நான்கு தடவை எஞ்சின் நின்றது. நான் பொறுமையிழந்து ஏதோ சொல்ல, "கதைக்காம இருங்க" என்றாள். ஐந்தாம் தடவை ஜீப் முனகிக்கொண்டு பின்னோக்கிக் கரையேறியது. திருப்பி, இரண்டாம் கியரிலேயே பாணமையை நோக்கி ஓட்டினாள். ஒவ்வொரு குழியிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

4.15க்கு அந்தக் குளம். பாதையிலேயே ஒற்றை யானை நின்றது. நூறு யார் தூரம் முன்னதாகவே நிறுத்தினாள். நிறுத்தினால் மறுபடி பற்றுமோ என்ற பயத்தில் எஞ்சினை அணைக்கவில்லை. யானை காதை அசைத்தபடி நின்றது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்:

"சட்டைப் பைக்குள்ள இரிக்கிற கடிதத்த எப்ப சொல்லப் போறீங்க?"

"உகந்தையில சொல்ல நினைச்சன்."

"உடுப்புக் கழுவ எடுக்கக்க கண்டன். நாலு நாளாச்சு. ஊட்டுல சொன்னா என்ன?"

"போக வேணாம் எண்டு சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

"போங்க எண்டுதான் சொல்ல இருந்தன். நீங்க இஞ்ச இருந்தும் இல்லாத மாதிரித்தானே இரிக்கீங்க. போய்ட்டு வந்தாவது இருப்பீங்களோ எண்டு பாப்பம்."

அவள் குரல் உயரவில்லை. கை வலியைவிட அது அதிகம் வலித்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து யானை தானாகவே காட்டுக்குள் இறங்கியது.

பாணமையில் கடைக்காரர் டயர்களுக்குக் காற்றடித்துத் தந்து, "பொத்துவிலுக்கு ஓட்ட ஆள் பிடிச்சுத் தரவா?" என்று என்னைக் கேட்டார். "ஆள் இருக்கு" என்றேன். ஏழு மணிக்குச் சற்று முன் பொத்துவில் ஆஸ்பத்திரி வாசலில் அவள் வண்டியை நிறுத்தினாள்.

படம் வரையும் கை ஏழு வாரம் மாவுக்கட்டில் இருந்தது. ஜித்தா வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த வருடம் இன்னொன்று வந்தது. அந்தக் கடிதம் வந்த அன்றே சமையல்கட்டில் நின்றவளிடம் கொடுத்தேன். இரண்டு வருடம் போய் வந்தேன். அதற்குள் அவள் லைசென்ஸ் எடுத்து, ஊர் கதைத்ததைக் காதில் போடாமல், ஜீப்பில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்த பிறகு நான் இருந்தேனா? முழுக்க இல்லை. இன்றும் வாரக் கடைசியானால் கை எதையாவது கழற்றத் தேடும். ஆனால் எங்கே போக நினைக்கிறேன் என்பதை அவளுக்கு முதலில் சொல்லிவிடுவேன்.

இப்போது பாணமை வரை நல்ல வீதி. அதற்கப்பால் போகிறவர்கள் பொத்துவிலில் எண்ணெய் நிரப்புங்கள், ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் வையுங்கள், மணலில் இறங்குமுன் நடந்து பாருங்கள், டயரில் காற்றைக் குறையுங்கள். ஜெக்குக்கு அடியில் அகலப் பலகை வேண்டும், குற்றி வேண்டாம். மூன்று மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள். வண்டியில் இருவருக்காவது ஓட்டத் தெரிந்திருக்கட்டும். வீட்டில் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் அதை வீட்டிலேயே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அந்தக் காட்டில் மற்ற வேலையே போதுமான அளவு இருக்கும்.