சாமி ஏறாத தேர்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி. நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அங்கே எடை, ரசீது எல்லாம் நான் விழுப்புரத்திலிருந்து போய் எழுதிக்கொடுத்த புரோகிராமில்தான் ஓடின. பழைய கம்ப்யூட்டர் மொழி. மெதுவாக ஓடும், ஆனால் நின்றதில்லை. எனக்கோ அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மொழியின்மேல் பைத்தியம். பத்து வரி எழுதுகிற இடத்தில் இரண்டு வரி போதும். ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து மொத்தத்தையும் அதில் மாற்றி எழுதினேன். பிரசவத்துக்குப் போவதற்குள் மண்டியில் ஏற்றிவிட்டால், திரும்பி வரும்போது வேலை எனக்கே இருக்கும் என்று நினைப்பு. வேறு இரண்டு பேர் அதன்மேல் கண் வைத்திருந்தார்கள்.

மண்டியை நடத்திய அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த பாஷைய எத்தினி பேரு பேசறாங்க?" என்றார்.

சிரித்துவிட்டேன். இதை யாரும் பேச மாட்டார்கள், எழுதத்தான் செய்வார்கள் என்று விளக்கினேன். அவர் விடவில்லை.

"செரி, எழுதறவங்க எத்தினி பேரு? நீ புள்ள பெத்துக்கினு படுத்திருக்கசொல்ல இது மக்கர் பண்ணா, அதுங்கிட்ட யாரு பேசறது?"

விழுப்புரம் முழுக்கத் தேடினாலும் அப்போது நான் ஒருத்திதான். சுர்ரென்று கோபம் வந்தது. அக்காவோ சாவகாசமாகத் தங்கள் ஊர்ப் புதுத் தேரைப் பற்றிச் சொன்னார். முதலில் சாமி இல்லாமல் வெறும் தேரை இழுத்து வெள்ளோட்டம் பார்த்தார்களாம். இதையும் அப்படியே ஓட்டச் சொன்னார். ஆக, மண்டிக்கு ரசீது பழையதில். தினமும் அதே கணக்கு சும்மா ஒரு தடவை புதியதிலும்.

அரை மனதோடு அம்மா வீட்டுக்கு, திருவெண்ணெய்நல்லூருக்கு பஸ் ஏறினேன். பெண் பிறந்தாள். மண்டியிலிருந்து ஒரு போன் இல்லை. வேலை போயே போய்விட்டது என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கைக்குழந்தையோடு போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர் புது மொழியின் அடுத்த பதிப்பை ஏற்றியிருக்கிறார். அதற்கு நான் எழுதியது எதுவுமே புரியவில்லை. புதியது அப்படியே படுத்துவிட்டது. மல்லாட்டை மூட்டைகள் வந்து குவிகிற நேரம், பழையதுதான் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த இரண்டு பேரும் வேலை கேட்டு வந்தார்களாம். ஆள் இருக்கிறது என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டாராம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு போன் போட்டு இதையா சொல்லுவாங்க?" என்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அந்த மொழி என் பெண்ணோடு சேர்ந்துதான் வளர்ந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் எழுதியதைத் திருத்தித் திருத்தி அலுத்தேன். பிறகு ஒரு பதிப்பு வந்தது. ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. அதற்குள் விழுப்புரத்திலேயே அதை எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் ஆகியிருந்தார்கள். பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பழையதை நிறுத்தினேன். ஒரு புது மொழி வேலைக்கு ஆக எத்தனை வருஷம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

புதியதில் முதல் ரசீது வந்ததும் அக்கா கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினார். இனி நான் இல்லாவிட்டாலும் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும் என்றேன். சொன்ன பிறகுதான், என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டது உறைத்தது.

"பாஷ தெரிஞ்சவங்க இருக்கட்டும்," என்றார். "மண்டிக்கு நீதான் வரணும்."