கன்னத்தில் பஞ்சு

ஒருவருடைய பொறுமை அவருடைய குணமா, மற்றவர்கள் அவர் தலையில் கட்டிய வேலையா? லிஃப்ட் கம்பெனியின் புகார் அறையில் பதினோரு வருடம் போன் எடுத்த ஒருத்தியின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் சேர்ந்த இரண்டாம் மாதம் ஆளுமைப் பயிற்சி என்று ஒருவர் வந்தார். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டு, நிறம் நிறமாகப் பிரித்தார். முடிவெடுப்பவர்கள் சிவப்பு. அவளுக்கு முதல் நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னத்தில் பஞ்சு. வாயைத் திறக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"பச்சை. நிதானமானவர், மோதலைத் தவிர்ப்பவர்" என்று எழுதிய அட்டை அவள் மேஜையில் ஏறியது.

அன்றிலிருந்து, கத்துகிறவர்களின் அழைப்பெல்லாம் அவளுக்கே வந்தது. "நீங்க பச்சையாச்சே அக்கா!"

வீட்டில் அவள் போடும் சத்தத்தைக் கேட்டுக் கணவர் சொல்வார்: "இதை உன் ஆபீஸ்ல போட்டுக் காட்டினா, ராங் நம்பர்னு வெச்சிடுவாங்க."

அலுவலகத்திலும் ஒரு நாள் கத்திப் பார்த்தாள். "பச்சையே கத்துதுன்னா வீட்ல என்ன கஷ்டமோ" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போன் அறையிலிருந்து வெளியேற அவளுக்கு இருந்தது ஒரே வழி: மெக்கானிக்குகளை அனுப்பும் பிரிவின் தலைவர் பதவி. இரண்டு முறை அது காலியானது. இரண்டு முறையும் மேனேஜர், "அதுக்குச் சிவப்பு வேணும்மா" என்றார். மூன்றாம் முறை காலியானபோது அதே பயிற்சியாளர் மறுபடி வந்தார்.

பக்கத்து மேஜைக்காரிக்குப் பட்டாசு என்று பெயர், அப்படிப் பேசுவாள். "பல்லெல்லாம் பத்திரமா அக்கா? இந்தத் தடவை ரெண்டு அதட்டு அதட்டுங்க. நாற்காலி உங்களுக்குத்தான்னு மேனேஜரே சொன்னாரு."

"அதட்டுறேன்டி. நீயே பாரு."

எழுந்தபோது போன் அடித்தது. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் வருவாங்களா?"

"கிளம்பிட்டாங்க சார். கதவை மட்டும் இழுக்காதீங்க."

"நீங்க வெச்சிட மாட்டீங்களே?"

"மாட்டேன் சார். இங்கதான் இருக்கேன்."

இருபது நிமிடம் இருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டது. அவர் நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

"வாங்கக்கா, உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாங்க!" பயிற்சி அறை வாசலிலிருந்து பட்டாசு கையசைத்தாள்.

அவள் சுவரிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். கொஞ்சம் பஞ்சை உருட்டி இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். உள்ளே போய் வட்டத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்.

மறுபடியும் பச்சை அட்டைதான் வந்தது. பட்டாசு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஏன் என்று கேட்டாள், கணவரும் கேட்டார். அதற்கும் அவள் தலையாட்டினாள்.